உங்களுக்குத் தெரியுமா? – முட்டிவலிக்கும் ஒரு கடலோரம் உண்டு

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதல் வாரம் கோல்டன் கேட் பாலம், அடுத்தது லிவர்மோர் கோயில், அப்புறம் அவுட்லெட் மால். நாலாவது வாரம் எங்கே கூட்டிப்போவது என்று கையைப் பிசைகிறோம். பே ஏரியாவின் பசிபிக் கரை பாறையும் செங்குத்துச் சரிவுமாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். பெரியவர்கள் நிதானமாக நடக்கத் தோதான வழிகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் பல, யாரோ எதற்கோ போட்டு, கடலோடு மல்லுக்கட்ட முடியாமல் விட்டுவிட்டுப் போனவை.

● பசிஃபிகாவுக்கும் மொன்டாராவுக்கும் நடுவே இருக்கும் டெவில்ஸ் ஸ்லைடு நடைபாதை, 2013 வரை ஹைவே 1. 1937-இல் திறந்த நாளிலிருந்து அந்தச் சாலைக்கு மழைக்காலம் என்றாலே கண்டம்தான். மலை சரியும், சாலையை மூடுவார்கள். 1995-இல் மூடியது திறக்க ஐந்து மாதம் ஆனது. மலை மேலே பெரிய பைபாஸ் போடும் திட்டம் இருந்தது. அதெல்லாம் வேண்டாம், மலையைக் குடையுங்கள் என்று 1996-இல் சான் மாட்டேயோ கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டே சொல்லிவிட்டார்கள். சுரங்கப்பாதை 2013 மார்ச்சில் திறந்தது. அனாதையான பழைய சாலையை அடுத்த வருடம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் கொடுத்தார்கள். 1.3 மைல், நல்ல தார் ரோடு. ஏற்றம் உண்டு. ஆனால் லாரிக்காகப் போட்ட ஏற்றம் என்பதால் மூச்சு வாங்கினாலும் முட்டி தாங்கும். இரண்டு முனையிலும் பார்க்கிங் மிகச் சிறியது. ஞாயிறு பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் வட்டமடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

● அந்தச் சாலைக்கும் முன்னால் அதே மலையோரத்தில் ரயில் ஓடியது. ஓஷன் ஷோர் ரயில்வே. கட்டிக்கொண்டிருக்கும்போதே 1906 பூகம்பம் தண்டவாளத்தைக் கடலில் தள்ளியது. 1920-இல் ரயிலே நின்றுவிட்டது.

● டெவில்ஸ் ஸ்லைடில் நடக்கும்போது கீழே கடலுக்குள் ஒரு பாறை தெரியும். அதில் ‘காமன் மர்’ என்ற கறுப்பு வெள்ளைக் கடற்பறவைகள் நெருக்கியடித்து நிற்கும். 1986-இல் ஒரு சரக்குப் படகிலிருந்து கசிந்த எண்ணெயில் இந்தக் கரையோரப் பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்து, பாறை காலியாகிவிட்டது. கூட்டம் இருக்கும் இடத்தில்தான் இந்தப் பறவை முட்டையிடும். அதனால் 1996-இல் ஆய்வாளர்கள் பாறை மேல் ஏறி, பொம்மைப் பறவைகளை வரிசையாக நட்டார்கள். இடையிடையே கண்ணாடிகளை வைத்தார்கள். பதிவுசெய்த மர் சத்தத்தை ஒலிபரப்பினார்கள். நிஜப் பறவைகள் ஏமாந்து வந்து இறங்கின, குஞ்சும் பொரித்தன. போகும்போது ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள்.

● இதே மர் பறவையின் முட்டைதான் தங்க வேட்டைக் காலத்தில் சான் பிரான்சிஸ்கோவின் ஆம்லெட். கோழிக்குப் பஞ்சம் வந்தபோது, கோல்டன் கேட்டுக்கு மேற்கே முப்பது மைல் தொலைவிலுள்ள ஃபாரலோன் தீவுகளிலிருந்து படகு படகாக அள்ளி வந்தார்கள். யார் அள்ளுவது என்பதில் 1863-இல் துப்பாக்கிச் சண்டையே நடந்தது. மேகம் இல்லாத நாளில் அந்தத் தீவுகள் கரையிலிருந்தே தெரியும்.

● சான் பிரான்சிஸ்கோ லேண்ட்ஸ் எண்டின் கடலோரப் பாதையும் ரயில் போன தடம்தான். 1888-இல் நீராவி ரயிலாகத் தொடங்கிய சேவை, 1925 மண்சரிவோடு நின்றது. பாதையின் தொடக்கம் ஓரளவு சமமாக இருக்கும். போகப்போகப் படிகள் வரும். அங்கே திரும்பிவிடலாம், ஒன்றும் குறையில்லை. பக்கத்தில் சிதைந்து கிடக்கும் சுவர்கள் 1896-இல் திறந்த சூட்ரோ பாத்ஸ். கடல்நீர் நிரப்பிய நீச்சல் குளங்களோடு பிரமாண்டமாக இருந்த கட்டடம், 1966-இல் எரிந்து போனது.

● மியூர் வுட்ஸ், மியூர் பீச் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கிய இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் ஸ்காட்லாந்துக்காரர். 1838-இல் டன்பார் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். அந்த நாட்டில் 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, ஒழுங்காக நடந்துகொள்பவர் பெரும்பாலும் யார் நிலத்திலும் நடந்து போகலாம். மலையோ தீவோ, தடையில்லை.

● கலிஃபோர்னியாவில் அந்த அளவு தாராளம் கிடையாது. இங்கே ஈரமணல் பொதுச் சொத்து, சராசரி உயர் அலைக் கோட்டுக்குக் கீழே யாரையும் தடுக்க முடியாது. ஆனால் அந்த ஈரமணலுக்குப் போகும் வழி? அதில்தான் வில்லங்கம். ஹாஃப் மூன் பேக்குத் தெற்கே மார்ட்டின்ஸ் பீச்சுக்கு ஒரே ஒரு சாலை. பழைய சொந்தக்காரர்கள் பார்க்கிங் காசு வாங்கிக்கொண்டு மக்களை விட்டார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனர்களில் ஒருவரான வினோத் கோஸ்லா 2008-இல் அந்த இடத்தை வாங்கிய பிறகு கேட் மூடப்பட்டது. அலைச்சறுக்கு விளையாடுபவர்களின் சர்ஃப்ரைடர் அமைப்பு வழக்குப் போட்டது. கீழ்க்கோர்ட்டுகளில் தோற்ற கோஸ்லா தரப்பின் மனுவை 2018 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே மறுத்தது. 2020-இல் மாநில அரசு அமைப்புகளும் தனியாக வழக்குத் தொடுத்தன. நம் ஊர்க்காரர் பெயர் கடலோரச் சட்டப் பாடத்தில் இப்படியா இடம்பெற வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

● தீவில்தான் நடக்க வேண்டும் என்றால் ஏஞ்சல் ஐலண்ட். டிபுரானிலிருந்தோ சான் பிரான்சிஸ்கோவிலிருந்தோ படகு. உங்கள் காரைக் கொண்டுபோக முடியாது. தீவைச் சுற்றி ராணுவம் விட்டுப்போன சாலை சுமார் 5 மைல். முழுக்க நடக்க வேண்டியதில்லை, குடிவரவு நிலையம் வரை போனாலே போதும். 1910 முதல் 1940 வரை ஆசியாவிலிருந்து வந்தவர்களை இங்கே அடைத்து வைத்து விசாரித்தார்கள், அதிகம் மாட்டியது சீனர்கள். மரச்சுவரில் அவர்கள் செதுக்கிய கவிதைகள் இருநூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. இடித்துத் தள்ள இருந்த கட்டடத்தில், 1970-இல் ஒரு பூங்காக் காவலர் டார்ச் அடித்துப் பார்த்ததால் பிழைத்தவை. பெண்கள் எதையாவது எழுதியிருந்தால் அதை நாம் படிக்க வழியில்லை. அவர்களை வைத்திருந்த கட்டடம் 1940 தீயில் போய்விட்டது.

இந்தியர்களும் இதே தீவு வழியாக வந்தார்கள். 1915-இல் பெஷாவரிலிருந்து கணவரோடும் மூன்று மகன்களோடும் வந்து இறங்கிய கலா பகாயின் மூக்குத்தி, சான் பிரான்சிஸ்கோ பத்திரிகையில் செய்தியானது! இந்தியர்கள் குடிமக்களாக முடியாது என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, கணவர் வைஷ்ணோ தாஸின் குடியுரிமை பறிபோனது. இன்று பெர்க்லியில் ஷாட்டக் அவென்யூவின் ஒரு துண்டுக்கு கலா பகாய் பெயர்.

● பாயிண்ட் ரேயஸ் தீவு இல்லை, ஆனால் தனியே நகரும் நிலம். சான் ஆன்ட்ரியாஸ் பிளவுக்கு அந்தப் பக்கம் பசிபிக் தட்டில் உட்கார்ந்து, வருடத்துக்கு ஏறக்குறைய 2 அங்குலம் வடமேற்கே போகிறது. அதன் பாறை, முந்நூறு மைல் தெற்கே டெஹாச்சபி மலையில் இருக்கும் பாறையின் சொந்தம். பார்வையாளர் மையத்துக்கு அருகே பூகம்பப் பாதை என்று ஒன்று, மொத்தமே ஒரு மைலுக்குள். தளம் போட்டது, சக்கர நாற்காலியும் போகும். 1906-இல் ஒரே நிமிடத்தில் சுமார் 16 அடி விலகிய மரவேலியை அங்கே காட்டுகிறார்கள்.

● அங்கேயுள்ள 1870-ஆம் ஆண்டு கலங்கரை விளக்கத்துக்கு முந்நூறுக்கு மேல் படி. மேலிருந்து கீழே இறங்க வேண்டும், அதாவது கஷ்டம் எல்லாம் திரும்பும்போதுதான். மூடுபனி உச்சியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் விளக்கைச் சரிவின் நடுவில் வைத்தார்கள். காற்று மிஞ்சினால் படியையே மூடிவிடுவார்கள். ஜனவரியில் மேலே நின்றபடியே தெற்கே போகும் சாம்பல் திமிங்கலங்களைத் தேடலாம்.

● பாதையோரம் வில்வம் போல மூன்று மூன்றாக இலை விட்ட செடியைக் கண்டால் தொடாதீர்கள். பாய்சன் ஓக். நம் ஊர் சேராங்கொட்டைக்கு உறவு, மாவும் முந்திரியும்கூட இதே குடும்பம். தடிப்பும் அரிப்பும் இரண்டு வாரம் படுத்தும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த குச்சியும் அதே வேலையைச் செய்யும். அதன் எண்ணெய் பேன்ட்டிலும் ஷூவிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும்.

● டெக்சாஸ், நியூஜெர்சி சொந்தங்கள் கோபிக்க வேண்டாம். பாறை இல்லாவிட்டாலும் சமதளத்தில் உங்களுக்கே முதலிடம். டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவில், 1900 புயலில் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்த பிறகு கட்டிய கடற்சுவர், பின்னால் நீட்டி நீட்டி இப்போது 10 மைல். அதன் மேலேயே நடக்கலாம். நியூஜெர்சி அட்லாண்டிக் சிட்டியின் பலகை நடைபாதை 1870-இல் வந்தது. ரயில் பெட்டிகளிலும் ஓட்டல்களிலும் மணல் சேர்வதைத் தடுக்கப் போட்ட பலகை அது.

● ஜூலையில் சான் ரமோனில் வெயில் கொளுத்தும். அதே நேரம் பசிஃபிகாவில் பனிமூட்டத்தில் பல் கிட்டும். உள்நாட்டு வெப்பக் காற்று மேலெழும்ப, கடலின் குளிர்ந்த மூட்டம் உள்ளே இழுக்கப்படுகிறது. கடற்கரைக்கு நல்ல மாதம் செப்டம்பர், அக்டோபர். எப்போது போனாலும் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர், அப்பாவுக்குக் காது மூடும் குல்லாய்.

● மெரினா பழக்கத்தில் அலையில் கால் நனைக்கப் போகாதீர்கள், கடலுக்கு முதுகு காட்டி செல்ஃபியும் எடுக்காதீர்கள். பத்து இருபது நிமிடம் சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று ஓர் அலை வெகுதூரம் ஏறி வரும். குளிர்காலத்தில் இப்படி ஆள் போவது இங்கே வழக்கமான செய்தி.

● லேண்ட்ஸ் எண்ட் பார்க்கிங்கில் கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடுவது சகஜம். பாஸ்போர்ட் பை மட்டுமல்ல, புளியோதரை டப்பா வைத்த பைகூட வெளியே தெரியக் கூடாது.