ஈப்போவில் ஒரு வீடு

கடல் கடந்து சென்று பொருளீட்டிய நம்மவரில் பலர், முதுமையில் தாய்நாடு திரும்பினாலும் அங்கே வாங்கிய வீடு வாசலை விற்றுவிட்டு வருவதில்லை. மலேசியாவில், ஈப்போ நகரத்தில், ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். உடையவர் எண்பது வயதைக் கடந்து புதுக்கோட்டையில் வசிக்கிறார். மகள் கோலாலம்பூரில் குடித்தனம் நடத்துகிறாள், அந்நாட்டுப் பிரஜை. வீடு அவளுக்கே சேரவேண்டும் என்பது பெரியவரின் விருப்பம். ஆகவே முத்திரைத் தாளில் தானப் பத்திரம் எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டு, கடமை முடிந்ததென்று நிம்மதியாக இருக்கிறார்.

அந்தப் பத்திரத்தால் ஈப்போ வீடு கைமாறாது. நிலம் எந்த நாட்டில் உள்ளதோ அந்த நாட்டுச் சட்டமே அதை ஆளும். நம் நாட்டில் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் தேடி உரிமையை நிரூபிக்கிறோம். மலேசியாவிலோ, 1858-ல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் ஏற்படுத்திய முறை வழங்குகிறது. அரசாங்கப் பதிவேட்டில் எவர் பெயர் உண்டோ அவரே உடையவர். அங்குள்ளோர் ‘கிராண்ட்’ என்று சொல்லும் பட்டாவில் பெயர் மாறவேண்டுமானால், 1965-ஆம் வருஷத்துத் தேசிய நிலச் சட்டத்தின் 14ஏ படிவம் நிலக் காரியாலயத்தில் பதிவாக வேண்டும்.

இதற்காகப் பெரியவர் கப்பலேறவோ விமானமேறவோ வேண்டியதில்லை. இங்கேயே நோட்டரி முன்னிலையிலோ மலேசியத் தூதரக அதிகாரி முன்னிலையிலோ கையெழுத்திடலாம். முக்தியார் பத்திரம் கொடுத்தால் அதை அந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் பதிய வேண்டும். ஆனால் கொடுத்தவர் காலமானாலும், சித்த சுவாதீனம் இல்லாதவரென்று தீர்மானிக்கப்பட்டாலும், சாதாரண முக்தியார் செல்லாது. கை நடுங்கத் தொடங்கிய பின் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடும் குடும்பங்களை நினைத்தால் நமக்குக் கவலையாகவே இருக்கிறது.

உயில் எழுதாமல் அவர் கண்மூடினால் என்ன ஆகும்? மனைவியும் மூன்று மக்களும் இருந்தால், நமது ஹிந்து வாரிசுச் சட்டம் நால்வருக்கும் சமபாகம் தரும். அந்தச் சட்டம் ஈப்போவுக்குச் செல்லாது. மலேசியாவின் 1958-ஆம் வருஷத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, பெரியவரின் பெற்றோர் ஜீவித்திராத நிலையில், மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம், மக்களுக்கு இரண்டு பாகம். மகளுக்கென்று நினைத்த வீடு நாலு பேருக்குப் பொதுவாகிவிடும்.

வரி விஷயத்தில் மகளுக்கு அனுகூலம் உண்டு. அங்கே மரண வரி 1991-லேயே ஒழிந்தது. பெற்றோர் அன்பினால் கொடுக்கும் வீட்டுக்கு, பெறுபவர் மலேசியப் பிரஜையானால், 2023 ஏப்ரல் முதல் 10 லட்சம் வெள்ளி மதிப்பு வரை முத்திரைத் தீர்வை கிடையாது. பெறுபவர் நம் நாட்டில் வசிக்கும் மகனானால் கதை வேறு. அந்நியர் நிலம் பெற அங்குள்ள மாநில அரசின் சம்மதம் வேண்டும். இங்கே வருமான வரிக் கணக்கில் அந்த வீட்டைக் காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரக்கூடும்.

கொடுத்தபின் மக்கள் கவனியாமல் விட்டால்? நம் நாட்டில், பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம் வழி செய்கிறது. அந்த உத்தரவு ஈப்போப் பதிவேட்டை அசைக்காது. ஆகையால், வாடகையை நம்பி ஜீவிக்கும் முதியவர் கிராண்டைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டு, மலேசியச் சட்டப்படி உயில் எழுதுவதே நலம் என்பது நம் அபிப்பிராயம்.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் தேவை. சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியானால் அவருக்கு எழுதிய பாகம் செல்லாது. மாப்பிள்ளை அன்பு மிகுதியால் தாமே கையெழுத்திட முன்வந்தால், அவருக்குக் காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் இருவரை அழைத்துக்கொள்க.