வாக்குறுதிக்குப் பிணை யார்?

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குச் செல்லும் வழியெங்கும் வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கொடி படர்ந்திருப்பதைக் காணலாம். கொடி காய்க்கும் முன்பே அதன் விளைச்சலுக்கு விலை பேசி முடிக்கும் வழக்கம், பயிர்த்தொழில் நடக்கும் நாடுகள் எங்கும் உண்டு. மூன்று மாதங்கழித்து நூறு கிலோ மிளகைக் கிலோ 1,500 ரூபாய் வீதம் தருவதாகத் தோட்டக்காரர் ஒருவர் வாக்களிக்கின்றார். கடை முதலாளி வாங்கிக்கொள்வதாக வாக்களிக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். சந்தை விலை 1,200க்கு இறங்கினால் அவ்வாக்குறுதி தோட்டக்காரருக்கு ஆதாயம். 1,800க்கு ஏறினால் முதலாளிக்கு ஆதாயம். மிளகு கைமாறும் முன்பே வாக்குறுதிக்கெனத் தனியாக ஒரு மதிப்புப் பிறந்துவிடுகின்றது. ஒரு பொருளின் விலையிலிருந்து தன் மதிப்பைப் பெறும் இத்தகைய ஒப்பந்தத்தைப் ‘பெறுதி’ என்று பொருளியலார் வழங்குவர்.

இதிலே ஓர் இடர் ஒளிந்திருக்கின்றது. வாக்குறுதியால் எவருக்கு நட்டம் வருகின்றதோ, அவருக்கே அதனை மீறும் ஆசையும் பிறக்கும். இலங்கை மத்திய வங்கி 1999ஆம் ஆண்டில், பயிர்ச்செய்கையாளர்களுக்கும் கொள்வனவாளர்களுக்கும் இடையே முன்னோக்கு விற்பனை ஒப்பந்த முறையை அறிமுகம் செய்தது. நோக்கம் நன்று. ஆனால், விலை ஏறிய நாளில் விளைபொருள் வேறொருவர் லொறியில் ஏறிவிடாமலும், விலை விழுந்த நாளில் லொறியே வராமற் போய்விடாமலும் காப்பது காகிதத்தால் மட்டும் ஆகிற காரியமன்று. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் ஒரு காலைப்பொழுது நின்று, மரக்கறி விலை ஏறி இறங்குவதைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விடருக்கு வணிக உலகம் கண்ட பரிகாரம் பழையது. மாத்தளை மலைகள் ஒருகாலத்தில் கோப்பிக்குப் பெயர்பெற்றிருந்தன. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய், சுமார் இருபது ஆண்டுகளில் அத்தொழிலைத் தின்று தீர்த்தது. அந்த வீழ்ச்சிக் காலத்திலேதான், 1888இல், லண்டன் விளைபொருள் தீர்வகம் நிறுவப்பட்டது. கோப்பியையும் சீனியையும் முன்கூட்டியே விலைபேசி வாங்குவதும் விற்பதுமான ஒப்பந்தங்களைத் தீர்த்துவைப்பது அதன் பணி.

தீர்வகம் செய்வது யாது? விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே அது புகுந்து நிற்கின்றது. விற்பவருக்கு அதுவே வாங்குபவர்; வாங்குபவருக்கு அதுவே விற்பவர். இருவரும் ஒருவரையொருவர் நம்பவேண்டியதில்லை. அது இலவசமாகத் தரும் நம்பிக்கை அன்று. இரு தரப்பாரும் தொடக்கத்திலேயே முன்பணம் கட்டவேண்டும். அன்றியும், ஒவ்வொரு மாலையும் கணக்குத் தீரவேண்டும். மேற்சொன்ன மிளகின் விலை இன்று 1,400 ஆயின், வாங்குபவர் 10,000 ரூபாயை இன்றே கட்டவேண்டும். அது விற்பவர் கணக்கிற் சேரும். கட்டத் தவறினால் அவருடைய ஒப்பந்தம் மூடப்படும். முன்பணம் நட்டத்தை ஈடுசெய்யும். அதுவும் போதாவிடின், உறுப்பினர் யாவரும் சேர்ந்து இட்டுவைத்த பொதுநிதி உதவும். நட்டம் மூன்று மாதம் மறைந்து வளர இடமில்லை.

இத்தகைய ஏற்பாடு இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதை இலங்கை 2008இல் கண்டது. எண்ணெய் விலை ஏற்றத்திலிருந்து தப்பும் பொருட்டு, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 2007 முதல் ஐந்து வங்கிகளுடன் பெறுதி ஒப்பந்தங்கள் செய்தது. நடுவில் தீர்வகம் எதுவும் இல்லை. கூட்டுத்தாபனமும் வங்கியும் நேருக்கு நேர். ஒப்பந்தங்களின் உருவமும் சமமானதன்று. டொய்ச்ச வங்கியுடன் 2008 ஜூலையிற் செய்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம்: விலை ஏறினால் கூட்டுத்தாபனம் பெறக்கூடிய மொத்தத் தொகை 25 இலட்சம் டொலரோடு நின்றுவிடும்; விலை இறங்கினால் அது கொடுக்கவேண்டிய தொகைக்கு அத்தகைய வரம்பு இல்லை. குடை வாங்கியவர் மழைக்குச் சிறிது நேரம் நிழல் பெற்று, வெயிலுக்கு மட்டும் நாள் முழுதும் வாடகை கொடுப்பது போன்றது அது.

அதே ஜூலையில் ஒரு பீப்பா எண்ணெய் 147 டொலரைத் தொட்டது. டிசெம்பரில் 40 டொலருக்குக் கீழே வீழ்ந்தது. கொடுக்கவேண்டிய தொகை மலைபோற் குவிந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. அவ்வாணை 2009 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஆயினும், 2008 டிசெம்பரில் மத்திய வங்கி பிறப்பித்திருந்த தடையின் பின்னர்ப் பணம் கொடுபடவில்லை. பின்னர் வழக்குகள் கடல் கடந்தன. சிற்றி வங்கியின் கோரிக்கையை லண்டன் நடுத்தீர்ப்பு மன்றம் 2011இல் தள்ளியது. அதே ஆண்டு லண்டன் நீதிமன்றம், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்கு ஏறத்தாழ 16 கோடியே 20 இலட்சம் டொலர் கொடுக்குமாறு தீர்ப்பளித்தது. 2013இல் அது 6 கோடி டொலருக்கு இணக்கமாகத் தீர்ந்தது. டொய்ச்ச வங்கிக்கு 6 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகையும் வட்டியும் செலுத்துமாறு 2012இல் சர்வதேச நடுத்தீர்ப்புக் குழு இலங்கை அரசைப் பணித்தது. கூட்டுத்தாபனம் பொதுச்சொத்து, மாத்தளைப் பேருந்து நிலையத்தில் வரிசையில் நிற்பவரும் அதில் ஒரு பங்காளரே.

தீர்வகம் இருந்திருந்தால் இந்நட்டம் வந்திராது எனச் சொல்வது பிழை. விலை விழுந்தது விழுந்ததுதான். ஆனால், ஓகஸ்ட் மாதத்திலேயே மாலைதோறும் பணம் கேட்கப்பட்டிருக்கும். இடர் டிசெம்பர் வரை கண்ணுக்கு மறைந்திராது. மேலும், தீர்வகம் யாவருக்கும் ஒரே அச்சில் வார்த்த ஒப்பந்தங்களையே ஏற்கும்; ஒருபுறம் சாய்ந்த தராசு அதன் வாயிலைக் கடப்பது கடினம்.

அதே 2008 செப்டெம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்தது. லண்டன் தீர்வகத்தில் அதன் பெயரில் 9 இலட்சம் கோடி டொலர் பெறுமதியான வட்டிவீதப் பெறுதிகள் இருந்தன. அந்நிறுவனம் கட்டியிருந்த முன்பணமே அவற்றைத் தீர்க்கப் போதுமாயிற்று. ஏனைய உறுப்பினரின் நிதியைத் தொட நேரவில்லை. கோப்பிக்காகப் பிறந்த நிறுவனத்தின் வழித்தோன்றல் அது! இவ்வனுபவத்தின் பின்னர், 2009 செப்டெம்பரில் பிற்ஸ்பர்க் நகரிற் கூடிய இருபது நாடுகள், ஓரச்சான பெறுதிகள் யாவும் மத்திய தீர்வகங்களின் வழியே தீர்க்கப்பட வேண்டுமென இசைந்தன. அமெரிக்கா 2010இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2012இலும் அதற்குச் சட்டம் இயற்றின.

இடர் அழிந்துவிட்டதா? இல்லை, ஓரிடத்திற் குவிந்தது. கோலாலம்பூரின் தீர்வகம் 1983இல் பாமெண்ணெய் வணிகத்தில் உறுப்பினர்கள் பணங்கட்டத் தவறியதால் தானே நிலைகுலைந்தது. ஆதலின் தீர்வகத்தையும் மேற்பார்ப்பவர் வேண்டும். இலங்கையில் 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், தீர்வகங்களுக்கு உரிமம் வழங்கி மேற்பார்க்கும் பொறுப்பைப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு அளித்துள்ளது.

இரத்தோட்டைத் தோட்டக்காரருக்கு இதனால் உடனடிப் பயன் சிறிதே. மாலைதோறும் முன்பணம் கட்டுவது, அறுவடை நாளில் மட்டும் பணம் காண்பவருக்கு இயலாத காரியம். பல தோட்டங்களின் மிளகைச் சேர்த்து விற்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு அது இயலும். அதுவும் சங்கத்தின் கணக்கை ஒவ்வொரு மாலையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்.