டாக்டர் கட்டுற பிரீமியம் நோயாளி பில்லுல எவ்வளவு?

அமெரிக்காவுல ஆஸ்பத்திரி பில் ஏன் இவ்வளவு வருதுன்னு கேட்டா, "டாக்டர் மேல கேஸ் போட்டே நாசமாக்கிட்டாங்க"ன்னு ஒரு ரெடிமேட் பதில் இருக்கு. அதுல எவ்வளவு உண்மைன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

2002 ஜூலை, லாஸ் வேகஸ். யுனிவர்சிட்டி மெடிக்கல் சென்டரோட விபத்து சிகிச்சைப் பிரிவு 10 நாள் மூடிக் கிடந்தது. நெவாடா மாநிலத்துல அந்த அளவு வசதி இருந்தது அங்க மட்டும்தான். சிகிச்சையில தப்பு நடந்ததுன்னு கேஸ் வந்தா நஷ்ட ஈடு கொடுக்க டாக்டர்கள் இன்சூரன்ஸ் எடுத்து வெச்சிருப்பாங்க. அந்த பிரீமியம் கட்டி மாளலைன்னு அங்கிருந்த எலும்பு சர்ஜன்கள் விலகிட்டாங்க.

ஏன் திடீர்னு ஏறுச்சு? இன்னைக்கு நடக்குற ஆபரேஷனுக்கான நஷ்ட ஈட்டை கம்பெனி பல வருஷம் கழிச்சுதான் கொடுக்கும். அதுவரைக்கும் அந்தப் பணம் பெரும்பாலும் பாண்டுகள்ல வட்டி சம்பாதிக்கும். 1990கள்ல வட்டி நல்லா வந்ததால, போட்டி போட்டு பிரீமியத்தைக் குறைச்சு வித்தாங்க. அப்புறம் வட்டி இறங்குச்சு, நஷ்ட ஈட்டுத் தொகை ஏறுச்சு. இந்தத் தொழில்ல பெரிய கையான செயின்ட் பால் கம்பெனி, 2001 கடைசியில இதை விட்டே வெளியேறுறதா அறிவிச்சது. மிச்சம் இருந்தவங்க ரேட்டை ஏத்தினாங்க. ஆக, கோர்ட் மட்டும் காரணம் இல்ல.

சரி, இந்த பிரீமியமா பில்லை ஏத்துது? நேரடியா ரொம்பக் கம்மி. பெரிய செலவு பயத்துலதான். புரொடக்‌ஷன்ல ஒரு பக் வந்துட்டா, அடுத்த நாள்லேர்ந்து ரெண்டு வரி மாத்தவும் மூணு பேர் அப்ரூவல் கேப்பாங்கல்ல? அதே மாதிரி, நாளைக்குக் கேஸ் வந்தா காட்டணுமேன்னு தேவையில்லாத ஸ்கேன், டெஸ்ட் எல்லாம் எழுதுறது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2010ல வெளியிட்ட கணக்குப்படி, 2008ல இந்த மொத்த விவகாரத்தோட செலவு 5,560 கோடி டாலர். அதுல 4,560 கோடி இந்த பயத்தோட கணக்கு. கேக்க மலைப்பாத்தான் இருக்கும். ஆனா நாட்டோட மொத்த மருத்துவச் செலவுல அது 2.4 சதவீதம்தான்.

டெக்சாஸ் 2003ல இதை டெஸ்ட் பண்ணியே பார்த்துடுச்சு. வலி, மன வேதனைக்கு டாக்டர்கள் கொடுக்கிற நஷ்ட ஈடு 250,000 டாலரைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு போட்டாங்க. பிரீமியம் இறங்குச்சு. ஆனா முதியோருக்கான மெடிகேர் செலவு அதனால இறங்கலைன்னு பின்னாடி வந்த ஆய்வு சொல்லுது.

எனக்கு உறுத்துறது வேற. சம்பள இழப்புக்கு இந்த வரம்பு கிடையாது. அப்போ சம்பளமே இல்லாத குழந்தை, வீட்டைப் பார்த்துக்கிற அம்மா, ரிட்டயர் ஆன தாத்தா, இவங்க கேஸ்லதான் அடி விழும். கலிஃபோர்னியா 1975ல போட்ட 250,000 டாலர் வரம்பு, 2022 முடியிற வரைக்கும் ஒரு டாலர் கூட ஏறல. விலைவாசிப்படி பார்த்தா அதுக்குள்ள 10 லட்சத்தைத் தாண்டியிருக்கணும். 2023லேர்ந்துதான் அதை வருஷா வருஷம் ஏத்துறாங்க. மரணம் நடந்த கேஸுக்கு அந்த 10 லட்சம் வந்து சேர இன்னும் பத்து வருஷம் எடுத்துக்கிட்டாங்க.