சுவருக்கு அப்பால் ஒரு கை

ஒரு மீட்டர் கனமுள்ள கான்கிரீட் சுவர். அந்தப் பக்கம் அணு உலையிலிருந்து எடுத்துவந்த எரிபொருள் கம்பிகள். இந்தப் பக்கம் ஓர் ஊழியர். கம்பியை அறுக்க வேண்டும், துண்டைத் தராசில் வைக்க வேண்டும், குப்பியின் மூடியைத் திருகித் திறக்க வேண்டும். நேரில் போய்ச் செய்ய முடியாது. அந்தக் கதிர்வீச்சில் சில நிமிடம் நின்றாலே உயிருக்கு ஆபத்து. 1940களின் கடைசியில், சிகாகோவை அடுத்த ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ரேமண்ட் கெர்ட்ஸ் என்ற பொறியாளருக்கு வந்த வேலை இதுதான்: ஊழியரின் கை மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டும்.

அதற்கு முன்பும் கருவிகள் இருந்தன. நீண்ட காம்பு வைத்த இடுக்கிகள்; சுவிட்சுகளால் இயங்கும் மோட்டார் எந்திரங்கள். மேலே தூக்க ஒரு சுவிட்ச், பக்கவாட்டில் நகர்த்த ஒன்று, திருப்ப இன்னொன்று. கனமான சாமானைத் தூக்கி வைக்க இது போதும். திருகாணியை முடுக்கவோ கண்ணாடிக் குப்பியைப் பிடிக்கவோ போனால் குறை தெரிந்துவிடும். ஒரு டம்ளரை எடுக்கும்போது தோளை எவ்வளவு திருப்புகிறோம், மணிக்கட்டை எவ்வளவு மடக்குகிறோம் என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை. சுவிட்சு எந்திரத்திலோ ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துத்தான் செய்ய வேண்டியிருந்தது.

கெர்ட்ஸ் குழு செய்த கருவிக்கு மாஸ்டர்-ஸ்லேவ் மேனிப்புலேட்டர் என்று பெயர். சுவரின் மேல்பகுதியைத் துளைத்து ஒரு குழாய் செல்லும். அதன் இரு முனைகளிலிருந்தும் ஒரே மாதிரியான இரண்டு கைகள் கீழே தொங்கும். இரண்டையும் எஃகுப் பட்டைகளும் கம்பிவடங்களும் கப்பிகளும் இணைக்கும். மோட்டார் கிடையாது. ஊழியர் இந்தப் பக்கத்துக் கைப்பிடியைப் பற்றி முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் நகர்த்தலாம். மணிக்கட்டை மூன்று விதமாகத் திருப்பலாம். எந்தப் பொருளையும் எந்த இடத்திலும் எந்தச் சாய்விலும் வைக்க இந்த ஆறு அசைவுகள் போதும். ஏழாவது, பிடி. எதிர் எடைகள் கைகளின் பாரத்தைச் சமன் செய்துவிடுவதால் தோள் அவ்வளவாகக் களைக்காது. 1949இல் விண்ணப்பித்த காப்புரிமை 1953இல் கிடைத்தது.

இந்தக் கருவியில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது சொன்னபடி நகர்வது அல்ல, பட்டதைத் திருப்பிச் சொல்வது. கிணற்றில் விட்ட வாளி தண்ணீரைத் தொட்டது, மூழ்கியது, நிறைந்தது எல்லாம் கயிற்றைப் பிடித்திருக்கும் கைக்குத் தெரிந்துவிடும் அல்லவா? எஃகுப் பட்டையும் அப்படித்தான். அந்தப் பக்கத்து இடுக்கி மேசையில் முட்டினால் இந்தப் பக்கத்து மணிக்கட்டு முட்டும். மூடி இறுகியிருந்தால் திருகும் கைக்கு அந்த இறுக்கம் வந்து சேரும்.

அங்கே கண்ணை மட்டும் நம்பி வேலை செய்ய முடியாது. பார்ப்பதற்கு இருக்கும் சன்னலும் சுவரளவு கனம்: ஈயக் கண்ணாடி, அல்லது துத்தநாக புரோமைடு கரைசல் நிரப்பிய தொட்டி. கதிர்வீச்சு பட்டால் சாதாரணக் கண்ணாடி பழுப்பேறிப் போகும் என்பதால் சீரியம் கலந்து வார்ப்பார்கள். எத்தனை தெளிவாக வார்த்தாலும், அவ்வளவு கனமான கண்ணாடியில் ஒளி விலகுவதால் பொருள் இருக்கும் தூரத்தைவிடக் கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும். கண் காட்டும் தூரத்தைக் கைதான் திருத்த வேண்டும்.

கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், ஹாட் செல் எனப்படும் இத்தகைய கனத்த சுவர் சூழ்ந்த அறைகளிலும் இதே வகைக் கைகள் உண்டு. வேக ஈனுலையில் எரிந்த எரிபொருளைப் பிரித்து ஆராயும் வேலை அவற்றைக் கொண்டுதான் நடக்கிறது.

பட்டையால் இணைத்த கை சுவரை விட்டு வெகுதூரம் போக முடியாது. 1954இல் கெர்ட்ஸ் குழு பட்டைகளை எடுத்துவிட்டு மின்சாரத்தைக் கொண்டுவந்தது. இரு கைகளிலும் அதே மூட்டு என்ன கோணத்தில் இருக்கிறது என்று மின்சுற்று ஓயாமல் ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் இரு பக்க மோட்டார்களும் அதைக் குறைக்கும் திசையில் தள்ளும். அந்தப் பக்கத்துக் கை எதிலாவது முட்டி நின்றுவிட்டால் வித்தியாசம் தீராது. அதனால் மோட்டார் ஊழியரின் கையை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். பட்டை சொன்னதை இப்போது மின்சாரம் சொன்னது.

கம்பி நீண்டால் வேறொரு தொல்லை. சேதி போய்வரத் தாமதமானால், கை தள்ளுவது பழைய நிலைமையை நம்பித்தான். திரும்பி வரும் விசையும் பழையது. இரண்டும் மோதி எந்திரக் கை நடுங்கத் தொடங்கும். 1960களில் எம்.ஐ.டி.யில் வில்லியம் ஃபெரெல் தாமதத்தோடு வேலை செய்பவர்களைக் கவனித்தார். கொஞ்சம் நகர்த்துவார்கள், காத்திருந்து பார்ப்பார்கள், மறுபடி நகர்த்துவார்கள். பக்கத்தில் இருக்கும் எந்திரக் கைக்கு இந்தத் தொல்லை இல்லை.

அறுவை அரங்குகளில் இன்று காணும் டா வின்சி எந்திரமும் அப்படிப் பக்கத்தில் இருப்பதுதான். 2000ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி தந்தது. நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் விரலும் மணிக்கட்டும் அசைய, நோயாளியின் வயிற்றுக்குள் கருவிகள் அசையும். அவர் மூன்று சென்டிமீட்டர் நகர்த்தினால் கருவி ஒரு சென்டிமீட்டர் மட்டும் நகரும்படி வைத்துக்கொள்ளலாம். கையின் இயல்பான நடுக்கத்தை எந்திரம் வடிகட்டிவிடும். கை நீட்ட இடம் போதாவிட்டால் காலால் ஒரு பெடலை அழுத்தி இணைப்பைத் துண்டித்து, கையை வசதியாக வைத்துக்கொண்டு தொடரலாம்.

இத்தனை நுட்பமும் இருந்த அந்த எந்திரத்தில் ஆர்கானின் எஃகுப் பட்டை சொன்ன சேதி இல்லை. தையல் நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்பது கைக்குத் தெரியாது. நூல் விறைப்பதையும் தசை வெளுப்பதையும் பார்த்துப் பார்த்து, கண்ணாலேயே விசையை ஊகிக்க மருத்துவர்கள் பழகினார்கள். அவர்களுடைய திறமையை நான் வியக்கிறேன். ஆனாலும் அந்தச் சுமை கண்ணின் மேல் விழுந்திருக்க வேண்டியதில்லை.

2024இல் அனுமதி பெற்ற டா வின்சி 5இல் விசையை உணர்த்தும் கருவிகள் வந்துவிட்டன. நுனியில் ஏற்படும் தள்ளலும் இழுப்பும் அளக்கப்பட்டு மருத்துவரின் கைப்பிடிக்கு வருகின்றன. கட்டியின் ஓரத்தை விரலால் தடவித் தேடுபவருக்குக் கிடைக்கும் வழுவழுப்போ கரடோ சூடோ இதில் வராது. அவற்றை அளக்கும் உணரிகளை எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள கருவிக்குள் அடக்க வேண்டும். ஒவ்வோர் அறுவைக்குப் பின்னும் நீராவியில் கிருமி நீக்கும்போது அவை கெடாமலும் இருக்க வேண்டும்.