ஒரே வயலில் இரண்டு கூட்டம்

சஸ்காச்சுவானில் பார்லி அறுவடை முடிந்த வயல்களில், இலையுதிர்காலம் வந்துவிட்டால் கனடா பெருவாத்தும் மல்லார்ட் வாத்தும் ஒரே தாளடியில் சிந்திய மணிகளைப் பொறுக்கும். அதனால்தான் இங்கே வேட்டைக்குப் போகிற நாங்கள் இரண்டின் பொம்மைகளையும் சேர்த்து வைக்கிறோம்.

சேர்த்து என்றால் கலக்கிக் கொட்டுவதல்ல. பெருவாத்துகள் குடும்பம் குடும்பமாக மேயும். வாத்துகள் தனிக் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். பொம்மைகளையும் நான் அப்படியே பிரித்து வைப்பேன். பறவை காற்றை எதிர்த்தே இறங்கும் என்பதால், காற்று வீசிப் போகும் பக்கம் வெறுந்தரை விடவேண்டும். பெருவாத்துப் பொம்மை மட்டும் இருந்தாலும் மல்லார்ட் தயங்காமல் வந்துவிடும். பெருவாத்துக்கோ தன் இனம் கண்ணில் பட்டால்தான் நம்பிக்கை வரும். எல்லாவற்றையும் சுமக்க முடியாதென்றால் பெருவாத்துக்கே முதலிடம் கொடுங்கள்.

சிறகு சுழலும் மோட்டார் பொம்மை வாத்தை இழுக்கும். பெருவாத்து அந்த மினுக்கலைக் கண்டு பெரும்பாலும் விலகிவிடும். தூரத்தில் அதன் குரல் கேட்டதுமே ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிடுவேன்.

இன்னொன்று, உறைபனி. விடியலில் பொம்மையின் முதுகில் வெள்ளையாகப் படர்ந்து, வெயில் பட்டதும் பளபளக்கும். உயிருள்ள பறவை அப்படி மின்னாது. துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தே ஆகவேண்டும்.

ஈய ரவை மட்டும் கூடவே கூடாது. தரையில் கிடப்பதை விழுங்கும் பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. நீர்ப்பறவை வேட்டையில் அதற்கு 1999 முதல் கனடா முழுவதும் தடை. எங்கள் துப்பாக்கியில் எஃகு ரவைதான்.