சாட்சி சொல்ல ஆள் இருந்த காலம்

1975 ஜனவரி. சேப்பாக்கத்தில் கிளைவ் லாயிடின் வெஸ்ட் இண்டீஸ். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து ஏழு விக்கெட்டைச் சாய்க்க, இந்தியா முதல் இன்னிங்ஸில் 190-க்குச் சுருண்டது. அந்த 190-இல் 97 குண்டப்பா விஸ்வநாத்துடையது. கடைசிவரை அவர் அவுட்டாகவில்லை. எதிர்முனையில் நிற்க ஆளில்லாமல் போனதால் சதம் மூன்று ரன்னில் தவறியது. ஆட்டத்தை இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அந்த 97-ஐ வைத்துக் காரைக்குடி டீக்கடைகளில் எத்தனை வருஷம் சண்டை நடந்தது என்று இன்று எழுபதைத் தாண்டிய யாரிடமும் கேட்கலாம். "சதமே அடிக்காத ஆட்டத்தைப் போயி பெருசுங்கிறியே!" என்பது கவாஸ்கர் கட்சி. "சதமா முக்கியம்? பாதி ஸ்கோரு ஒத்த ஆளுது, அதைப் பாருய்யா" என்பது விஸ்வநாத் கட்சி. மச்சான் மைத்துனர் இருவரும் மைதானத்தில் ஒற்றுமையாக ஆடினார்கள். இங்கே செக்காலை ரோட்டில் அவர்களுக்காகப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. பின்னாளில் கவாஸ்கர் 34 சதமும் 10,122 ரன்னுமாக ஓய்வு பெற்றார். விஸ்வநாத்துக்கு 14 சதம், 6,080 ரன். கணக்கில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் விஸ்வநாத் கட்சியிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது: அவர் சதமடித்த ஒரு டெஸ்டிலும் இந்தியா தோற்றதில்லை. இந்த ஒற்றை வரியைச் சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கீழே வைப்பார்கள். எதிர்க்கட்சி கொஞ்ச நேரம் பேசாது.

அன்று ஒரு புள்ளிவிவரம் காரைக்குடிக்கு வந்து சேர்வது லேசில்லை. டிரான்சிஸ்டர் உண்டு, வர்ணனை ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஓடும். அதைக் கேட்டுச் சொல்ல ஒரு கல்லூரி வாத்தியாரோ வங்கி ஊழியரோ பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் வாயைத் திறக்கும்வரை நாலு பந்து காத்திருக்க வேண்டும். தமிழ் வர்ணனை வந்த பிறகு அந்த வாத்தியார்களின் மவுசு குறைந்தது. எண்பதுகளில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலைக் கேட்டவர்களுக்கு, பந்து எல்லைக் கோட்டைத் தொடும் முன்பே அது தொட்டுவிடும் என்று தெரிந்துவிடும். மறுநாள் பத்திரிகை. 1978-க்குப் பிறகு ஸ்போர்ட்ஸ்டார். நடுப்பக்கப் படம் சுவருக்குப் போகும், கடைசிப் பக்கங்களின் பொடி எழுத்து ஸ்கோர் நோட்டுக்குப் போகும். நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, ஆட்டக்காரர் பெயர், ரன், எப்படி அவுட் என்று எழுதி வைத்த பையன்கள் பலர். பேரேடும் ஐந்தொகையும் எழுதியே ரங்கூனிலும் பினாங்கிலும் காலம் தள்ளிய ஊர் இது. கணக்கு எழுதுவதை இங்கே யாரும் வீண் வேலை என்று திட்டியதில்லை. பள்ளிக் கணக்கு எழுதாமல் அதை எழுதியதற்குத்தான் திட்டு.

நோட்டைவிட மேலான ஆதாரம் ஒன்று இருந்தது. நேரில் பார்த்தவர். பொங்கல் டெஸ்டுக்கு ராத்திரி ரயிலேறிச் சென்னை போய், எழும்பூரில் இறங்கி நேரே சேப்பாக்கத்துக்கு ஓடியவர் ஊர் திரும்பினால், ஆறு மாதத்துக்கு அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ராபர்ட்ஸை விஸ்வநாத் அடித்த ஸ்கொயர் கட் அவர் வாயில் வருஷத்துக்கு வருஷம் வேகம் கூடிக்கொண்டே போகும். போதாக்குறைக்கு, சேப்பாக்கமே நம்ம வீட்டு இடம் என்ற மிதப்பும் உண்டு. ஸ்டேடியத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம், கானாடுகாத்தான் அரண்மனைக்காரர். ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் மகன். 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். பக்கத்து ஊர்க்காரர் பேரில் இருக்கும் மைதானத்துக்கு டிக்கெட் எடுத்துப் போவதா என்று கேலி பேசினாலும், டிக்கெட் கிடைத்தவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

இந்த வட்டாரத்துக்கு வாதம் புதுசில்லை. சா. கணேசன் 1939-இல் காரைக்குடிக் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் விழாப் பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்த ஊர். நடுவராகக் குன்றக்குடி அடிகளார் உட்கார்ந்தால், பத்து மைலுக்குள் இருக்கும் ஊர்களிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். டீக்கடைக் கிரிக்கெட் வாதத்தில் அந்த வாடை அப்படியே அடிக்கும். ஒருவர் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை விடமாட்டார். எதிராளி ஒரு எண்ணைச் சொன்னால் அதை மறுக்கமாட்டார். அதற்கு வேறு பொருள் சொல்லுவார். நடுவர் கடைக்காரர். தீர்ப்பு பெரும்பாலும் "கடை சாத்தணும், எந்திரிங்க" என்பதுதான்.

1986 செப்டம்பரில் தீர்ப்பே சொல்ல முடியாத ஒரு வழக்கு வந்தது. ஆஸ்திரேலியாவுடன் சேப்பாக்கம் டெஸ்ட். மெல்பர்ன்காரர் டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்தபடியே 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கடைசி நாள் 348 அடித்தால் வெற்றி; இந்தியா 347-இல் நின்றது. மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. பந்து பேட்டில் பட்டது என்று மணிந்தர் பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டதா, படவில்லையா? அம்பயர் திருப்பிப் போட்டுப் பார்க்க வழியில்லாத காலம். நான் அறிந்தவரை காரைக்குடியில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இன்று அதே பந்து விழுந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் திரையில் ஒரு கோடு துடித்துக் காட்டியிருக்கும், இத்தனை வருஷப் பேச்சு மிச்சமாகியிருக்கும். மிச்சமா நஷ்டமா என்பது அவரவர் கணக்கு.

2008-இல் ஐபிஎல் வந்தது. அதற்கு முன்பே டிவி வந்து, கேபிள் வந்து, நோட்டு எழுதும் பழக்கம் போயிருந்தது. ஐபிஎல் செய்தது வேறு: கிரிக்கெட்டுக்கு ஒரு சீசனைக் கொடுத்தது. முன்பு வெளிநாட்டு அணி எப்போது வருமோ அப்போதுதான் பேச்சு. இப்போது பங்குனி பிறந்தால் புள்ளிப் பட்டியல். யார் முதல் நாலில், யார் கடைசி, நெட் ரன்ரேட் எவ்வளவு. பத்தாம் வகுப்புக் கணக்கில் தடுக்கி விழுந்த பையன்கள்கூட நெட் ரன்ரேட்டை விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். 2024 மே 18 ராத்திரி நூறடி ரோட்டில் எந்தக் கடையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்: பெங்களூர் 218, சென்னை ஜெயிக்கவே வேண்டாம், 201 எடுத்துத் தோற்றால் போதும், பிளேஆஃப் உண்டு. தோற்றுக்கொண்டே ஜெயிக்கும் இந்த வினோதம் டிரான்சிஸ்டர் தலைமுறைக்குப் பிடிபடவே இல்லை. கடைசி ஓவரின் முதல் பந்தைத் தோனி சிக்ஸருக்குத் தூக்கினார், அடுத்த பந்தில் கேட்ச். சென்னை 191-இல் நின்றது. பத்து ரன்.

அதற்கடுத்த வாரம் நடந்த சண்டை கவனிக்கத் தக்கது. "அண்ணே, அவரு முன்னாடியே எறங்கியிருந்தா?" என்று ஒருவன். ஸ்ட்ரைக் ரேட், கடைசி ஐந்து ஓவரில் எத்தனை பந்து சந்தித்தார் என்று இன்னொருவன் போனை நீட்டுகிறான். யாரிடமும் எண்ணுக்குப் பஞ்சமில்லை. எல்லோரிடமும் ஒரே எண்தான். ஆகவே சண்டை எண்ணைப் பற்றி இல்லை. எந்த எண்ணை எண்ணாகக் கொள்வது என்பதைப் பற்றி. இந்த இடத்தில் இன்றைய பையன்கள் முந்தையவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்றே சொல்வேன். சராசரி என்ற ஒரே கோலால் எல்லோரையும் அளந்த காலம் போய், எந்தப் பிட்சில், எந்த ஓவரில், இடக்கையா வலக்கையா என்று பிரித்துப் பார்க்கிறார்கள். விஸ்வநாத் கட்சிக்கு இந்த ஆயுதம் அன்று கிடைத்திருந்தால் வாதம் வேறு மாதிரி போயிருக்கும்.

ஆரூடம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. 2025 சீசனுக்கு முன் சென்னை கடைசி இடத்தில் முடியும் என்று சொன்ன ஒருவரையும் நான் இங்கே பார்க்கவில்லை. ஐந்து கோப்பை வாங்கிய அணி, முதல்முறையாகப் பத்தில் பத்தாவதாக முடிந்தது. முன்பெல்லாம் தப்பாகச் சொன்னால் காற்றோடு போகும்; இப்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு மே மாதக் கடைசியில் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். இந்தப் பித்து நமக்கு மட்டுமானதும் இல்லை. டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட்காரர், குளிர்காலத்தில் ஆட்டக்காரர்கள் உடம்பு கெட்டுப் போகக் கூடாது என்று 1858-இல் கிளப்பிய யோசனையிலிருந்து பிறந்தது ஆஸ்திரேலிய ஃபுட்பால். அதன் ரசிகர்கள் சீசன் தொடங்கும் முன்னே 18 அணிகளையும் ஒன்று முதல் பதினெட்டுவரை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, யார் எத்தனை உதைத்தான், எத்தனை பிடித்தான் என்று குளிர்காலம் முழுக்க மல்லுக்கு நிற்கிறார்கள். அவர்கள் பட்டியலும் ஆவணி, புரட்டாசிக்குள் தலைகீழாகிவிடும்.

எனக்குப் பிடிக்காத மாற்றம் ஒன்று உண்டு. ஃபேன்டசி ஆப் வந்த பிறகு நாற்பது ஐம்பது ரூபாய் கட்டிப் பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வந்தது. "சென்னை ஜெயிக்கணும் மாப்ள, ஆனா பும்ராவும் நாலு விக்கெட் எடுக்கணும்" என்று ஒருவன் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். பும்ரா எடுக்க வேண்டியது யார் விக்கெட் என்று அவன் யோசிக்கவில்லை. கட்சி மாறாத ரசிகன் என்ற இனமே இதில் கலங்கிப் போனது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் வந்து பணம் கட்டி ஆடும் ஆப்கள் கடையைச் சாத்தின. தோற்ற பணத்தைப் பற்றிய புலம்பல் இன்னும் ஓயவில்லை.

ஊர்ப் பேரிலேயே ஒரு அணி இருந்ததைச் சொல்லாமல் விடக் கூடாது. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது 'காரைக்குடி காளை' வந்தது, பத்ரிநாத் கேப்டன். ஆட்டங்கள் சென்னையிலும் திண்டுக்கல் பக்கம் நத்தத்திலும் திருநெல்வேலியிலும் நடந்தன. காளை ஒருநாளும் காரைக்குடிக்கு வரவில்லை. நாலு சீசன் ஆடிவிட்டு, பிறகு திருப்பூர் தமிழன்ஸ் என்று பேர் மாறிப் போய்விட்டது. பெரிய துக்கம் எதுவும் நேரவில்லை. அந்த அணிக்காக டீக்கடையில் யாரும் தொண்டை கட்டப் பேசி நான் கேட்டதில்லை.

காரணம், நிஜக் காளைகள் இங்கே இருக்கின்றன. தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு. அதன்பின் கோயில் திருவிழாதோறும் ரோட்டில் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம்: பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு. எல்கைவரை போய்த் திரும்ப வேண்டும். பெரிய மாட்டுக்குத் தூரம் கூடுதல். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2017-இல் சட்டம் திருத்தப்பட்டு வண்டிகள் மறுபடி ரோட்டுக்கு வந்தன. 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. தடைக்காலத்தில் மாட்டை விற்காமல் கட்டித் தீனி போட்டவர்களை இந்தச் சீமையில் தனி மரியாதையோடுதான் பேசுகிறார்கள்.

இந்த ரசிகர்களின் வாதம் வேறு ரகம். மாட்டுக்கு எத்தனை பல், எந்த மாட்டோடு ஜோடி, சாரதி யார், கொடியை முதலில் வாங்கியது யார், திரும்பும்போது எங்கே தளர்ந்தது. இதற்குப் புள்ளிப் பட்டியல் கிடையாது, வாரியம் கிடையாது. ஒவ்வொரு ஊர் ரோடும் வேறு, தூரமும் வேறு. வண்டி அதிகமானால் இரண்டு பிரிவாக விடுவார்கள். இந்தப் பிரிவில் முதல் வந்ததும் அந்தப் பிரிவில் முதல் வந்ததும் ஒன்றா என்பதே ஒரு நாள் சண்டைக்குப் போதும். கணக்கு முழுக்க ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. விஸ்வநாத்தின் 97 ஒரு காலத்தில் இருந்தது போல.

இங்கேயும் போன் வந்துவிட்டது. பைக்கில் வண்டிகளின் பின்னால் ஓடிக்கொண்டே யூடியூபில் நேரலை போடுகிறார்கள்; சில ஊர்களில் மேலே டிரோனும் பறக்கிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த ஜோடி எந்த ஊரில் எத்தனையாவது வந்தது, எவ்வளவு நேரத்தில் என்று போனில் பட்டியல் போடும் பையன்களைக் கல்லல் பக்கம் ஒரு பந்தயத்தில் பார்த்தேன். அடுத்த பந்தயத்தில் யார் முதல் என்று அதை வைத்தே சொன்னார்கள். பக்கத்தில் துண்டை உதறிப் போட்டுக்கொண்ட பெரியவர் பட்டியலை வாங்கிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"எல்லாஞ் சரிதான் தம்பி. அன்னைக்கு ராத்திரி மழை பேஞ்சு ரோடு ஈரமா கெடந்துச்சே, அது இதுல எங்க இருக்கு?"

"அதுக்கு ஒரு காலம் போட்டுட்டா போச்சு சித்தப்பு" என்று ஒருவன் அங்கேயே போனை வாங்கித் தட்ட ஆரம்பித்தான்.