சேவையகத்தின் தட்டு அணியைப் பெரிதாக்குதல்

துணை நினைவகங்கள் பற்றிப் படிக்கும்போது தனியொரு வன்தட்டின் கொள்ளளவையே பெரும்பாலும் கணிக்கிறோம். ஆனால் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் உள்ள சேவையகக் கணினிகளில் ஒரே வன்தட்டை நம்பித் தரவுகளை வைப்பதில்லை. பல வன்தட்டுகள் ஒன்றிணைக்கப்பட்டு, பணிசெயல் முறைமைக்கு ஒரே பெரிய தட்டுப் போலக் காட்டப்படுகின்றன. இதுவே தட்டு அணி எனப்படும். இதற்கு ரெயிட் என்னும் பெயரை, 1988 இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்றில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி காட்ஸ் ஆகியோர் வழங்கினர்.

எம்பிலிப்பிட்டிய நகரில் உள்ள ஓர் அலுவலகத்தின் சேவையகத்தில், தலா 500 கிகாபைட்டுக் கொண்ட 3 தட்டுகள் ரெயிட் 5 முறையில் உள்ளன எனக் கொள்வோம். மொத்தம் 1500 கிகாபைட்டு. எனினும் பயன்படுத்தக்கூடியது 1000 கிகாபைட்டு மட்டுமே. ஒரு தட்டுக்குச் சமமான இடம் சமநிலைப் பிட்டுகளுக்குச் செலவாகிறது.

சமநிலைப் பிட்டு என்பது என்ன? முதலாம் தட்டில் 1, இரண்டாம் தட்டில் 0 எனில், 1களின் எண்ணிக்கை இரட்டையாக வரும்படி மூன்றாம் தட்டில் 1 எழுதப்படும். இரண்டாம் தட்டு பழுதடைந்தால் எஞ்சுவன 1, 1. எண்ணிக்கை ஏற்கெனவே இரட்டை. ஆகவே இழந்த பிட்டு 0. இவ்வாறு ஒரு தட்டுப் பழுதடைந்தாலும் தரவைக் கணித்து மீட்கலாம். இரண்டு தட்டுகள் ஒன்றாகப் பழுதடைந்தால் மீட்க முடியாது. (சமநிலைப் பிட்டுகள் ஒரே தட்டில் அன்றி எல்லாத் தட்டுகளிலும் மாறி மாறி எழுதப்படும் என்பதை மாணவர்கள் அவதானிக்க.)

இடம் போதாமற் போகும்போது நான்காவது தட்டொன்று சேர்க்கப்படுகிறது. இப்போது (4 − 1) × 500 = 1500 கிகாபைட்டு. ஆனால் தட்டைச் செருகியவுடன் இந்த இடம் கிடைத்துவிடாது. சந்திரிக்கா வாவியின் அணைக்கட்டை உயர்த்தினால் கூடுதல் நீர் தேங்கும். வாய்க்காலை நீட்டாவிட்டால் அந்நீர் புதிய வயலுக்குப் போய்ச் சேராது. இங்கும் அப்படியே. முதலில் அணி விரிவாக்கப்பட்டுத் தரவுகள் நான்கு தட்டுகளிலும் மீளப் பரப்பப்படும். அடுத்து அணியின் மேலுள்ள தருக்கத் தட்டு பெரிதாக்கப்படும். இறுதியாகத் தட்டின் பிரிவும் அதிலுள்ள கோப்பு முறைமையும் நீட்டப்படும். முதற் படியுடன் நின்றுவிட்டு, "இன்னும் 1000 தானே காட்டுகிறது" என்று குழம்புவோர் பலர்.

இவ்வேலைக்கு ஏன் இறுவட்டிலிருந்தோ யூ.எஸ்.பீ. நினைவகத்திலிருந்தோ கணினியைத் தொடக்குகிறார்கள்? பணிசெயல் முறைமை அதே அணியில்தான் இருக்கிறது. தான் நிற்கும் தரையைத் தானே பெயர்ப்பது கடினம் அல்லவா? பயோஸ் அமைப்பில் தொடக்க ஒழுங்கை மாற்றி, இறுவட்டை முதலில் வாசிக்கச் செய்தால் வன்தட்டிலுள்ள பணிசெயல் முறைமை உறக்கத்தில் இருக்க, இறுவட்டிலுள்ள கருவி இயங்கும். எச்.பீ. சேவையகங்களுடன் வந்த ஸ்மார்ட்ஸ்டார்ட் இறுவட்டில் அணியை அமைக்கும் கருவி இருந்தது. பிரிவுகளை நீட்டுவதற்கு ஜீபார்ட்டட் லைவ் என்னும் இலவசக் கருவி உண்டு. இக்காலச் சேவையகங்கள் பலவற்றில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அணியை விரிவாக்கலாம்.

தரவுகளை மீளப் பரப்புவதற்குப் பல மணிநேரம் செல்லும். இடைநடுவில் மின் தடைப்பட்டால் அணி முழுவதும் குலைய இடமுண்டு. எனவே தடையில்லா மின்வழங்கி இன்றி இதைத் தொடங்கக் கூடாது. பருவப்பெயர்ச்சிக்கு இடைப்பட்ட காலத்தில், இடி மின்னல் மிகும் பிற்பகலில், நான் இதைத் தொடங்கவே மாட்டேன்.

அதற்கும் முன்னர் செய்யவேண்டியது காப்புப் பிரதி எடுத்தல். ரெயிட் இருக்கிறதே, காப்புப் பிரதி எதற்கு என்று கேட்பது பெருந்தவறு. தட்டுப் பழுதையே ரெயிட் தாங்கும். தவறுதலாக அழித்த கோப்பு எல்லாத் தட்டுகளிலிருந்தும் ஒருங்கே அழிந்துவிடும். 2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்க முகிற் கணிமைச் சேவை கப்பம் கோரும் தீம்பொருளால் தாக்கப்பட்டது. வலையமைப்புடன் இணைந்திருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்கு இணைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதி இருக்கவில்லை. அரச அலுவலகங்கள் பல அக்காலத்து மின்னஞ்சல்களை இழந்தன.

மாதிரி வினா: தலா 1 டெராபைட்டுக் கொண்ட 5 தட்டுகள் ரெயிட் 5 முறையில் உள்ளன. மேலும் ஒரு தட்டுச் சேர்த்து அணி விரிவாக்கப்பட்டது. (அ) பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு முன்னரும் பின்னரும் யாது? (ஆ) பணிசெயல் முறைமை பழைய அளவையே காட்டுவது ஏன்?

விடை: (அ) முன்னர் 4 டெராபைட்டு, பின்னர் 5 டெராபைட்டு. (ஆ) தருக்கத் தட்டோ, பிரிவும் கோப்பு முறைமையுமோ இன்னும் நீட்டப்படவில்லை.